அவர்களை அவசரப்படுத்தாதே

இலஞ்சி



உன் கொள்ளுத்தாத்தா யுத்தத்துக்கு முன் ரங்கூனிலும் குற்றாலத்திலும் எடுத்து வைத்திருந்த 16 மில்லிமீட்டர் சுருள்களைக் கோத்து நீ செய்திருக்கும் படத்தைப் பார்த்தேன். சுருளைத் தேடியெடுத்த உன் பிரயாசையையும் அதைச் சுத்தம் செய்த சிரத்தையையும் பலர் புகழ்ந்திருப்பார்கள். ஆகையால் அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, என்னை உறுத்தியதை மட்டும் சொல்லுகிறேன்.

ரங்கூன் ஸூலே பகோடாவின் முன்னே போகிற ஜனங்கள் எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றியதுபோல ஏன் இப்படி ஓடுகிறார்கள்? அந்தக் காலத்து வீட்டுக் காமிராக்கள் விநாடிக்கு 16 சட்டம் எடுக்கும்படி அமைந்தவை என்பது உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 24-இல் ஓட்டிவிட்டாய். நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடவேண்டிய நூறடிச் சுருள் உன் கையில் மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அருவியைப் பார்த்து வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பாய். அருவி எந்த வேகத்திலும் அருவியாகவே தோன்றும், தம்பி. ஈரப் புடைவையோடு படியேறுகிற ஸ்திரீயின் நடையிலும், வண்டி மாட்டின் கால்களிலும்தான் பொய் வெளிப்படும்.

எங்கள் பெரியப்பாவிடம் கையால் சுற்றுகிற பாத்தே பேபி புரொஜக்டர் ஒன்று இருந்தது. ஒன்பதரை மில்லிமீட்டர் பிலிம், நடுவிலே துளை. கோடை விடுமுறை இராத்திரிகளில் சுண்ணாம்புச் சுவரில் அவர் படம் காட்டும்போது, ஆச்சி முற்றத்தில் நெல் புடைக்கும் இடம் வந்ததும் அவர் கை தானாகவே தணியும், படம் சிமிட்டும், பிள்ளைகள் நாங்கள் "சுத்துங்க, சுத்துங்க" என்று கூச்சலிடுவோம். "எங்க அம்மைக்கு இதுதாம்ல வேகம்" என்பார். சினிமாவைப் பற்றி நான் பிற்பாடு படித்த புஸ்தகங்களில் இதைவிட மேலான பாடம் எதுவும் அகப்படவில்லை.

இரண்டாவது, படத்தில் நீ சேர்த்திருக்கும் அந்தப் பின்னணிக் குரல். அருவிக்கரையில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே, பின்னால் பிடில் அழ, 'இவர்களுடைய உலகம் அழியப்போகிறது' என்று ஜோசியம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டதையும், லட்சக்கணக்கான பேர் மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்ததையும் யார் அறியார்? 1931-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ரங்கூன்வாசிகளில் பாதிக்குமேல் இந்தியராக இருந்தபடியால், நம் பக்கத்தில் அந்தக் கதை கேளாத வீடு குறைவு. ஆனால் எண்ணெய்க் குளியலுக்கு நிற்கிற அந்த மனிதருக்கு அன்றைய விசாரம் சாரல் வலுக்குமா என்பதுதான். அவர் முகத்தில் இல்லாத யுத்தத்தை நீ ஏன் பூசுகிறாய்?

போலந்து தேசத்தில் நசியெல்ஸ்க் என்னும் சிற்றூரில், 1938-இல், அமெரிக்காவிலிருந்து வந்த டேவிட் கர்ட்ஸ் என்பவர் எடுத்த மூன்று நிமிஷச் சுருளையே திரும்பத் திரும்பக் காட்டி, பியாங்கா ஸ்டிக்டர் என்ற அம்மையார் 69 நிமிஷப் படம் ஒன்று செய்திருக்கிறார். அவ்வூரில் இருந்த சுமார் 3,000 யூதர்களில் யுத்தத்தில் தப்பியவர் நூறு பேர்கூட இல்லை. அத்தனை பெரிய துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டும், ஒரு கடையின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தறிய அவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதைப் போய்ப் பார். நீயோ தென்காசிக் கோபுரத்தை ஒரு கண்வீச்சில் கடந்துவிட்டாய்! 1990-இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுவதற்கு முன், சிதைந்து நின்ற அந்தக் கோபுரத்தையும் அதன் அடியில் போகிற வண்டிகளையும் சலனப்படமாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெட்டுவதே பிசகு என்று சொல்லவில்லை. ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த ஏ. கே. செட்டியார், காந்திஜியைப் பற்றிய படத்துக்காகத் தேசதேசமாக அலைந்து, சுமார் நூறு பேர் எடுத்த 50,000 அடிப் பிலிமைச் சேகரித்து, 1940-இல் வெளியிட்டபோது 12,000 அடியைத்தான் வைத்துக்கொண்டார். (தள்ளியதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை, அது வேறு விஷயம்.)

இவ்வளவையும் ஒரே ஒரு காட்சிக்காக மன்னிக்கிறேன். உன் கொள்ளுப்பாட்டி காமிராவைக் கண்டு முந்தானையைச் சரிசெய்து, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி, என்னவோ பதில் சொல்லிவிட்டு, இது இன்னும் போகவில்லையா என்பதுபோல மறுபடி பார்க்கிறார்களே, அங்கே நீ கத்தரியையும் வைக்கவில்லை, குரலையும் விடவில்லை. பேர்பெற்ற டைரக்டர்களுக்கும் கைவராத அபூர்வமான பொறுமை அது. அதைச் செய்யத் தெரிந்தவன் மற்றதை இப்படிச் செய்ததால்தான் எனக்கு இத்தனை கோபம்.

குரலையும் பிடிலையும் எடுத்துவிட்டு, வேகத்தை 16-க்குக் கொண்டுவந்து, கோபுரத்தை முழுமையாக விட்டு, மறுபடி கோத்துக் கொண்டு வா. மூலச் சுருளை மட்டும் சாரல் காலத்தில் இந்தப் பக்கம் எடுத்துவராதே. அசிடேட் பிலிம் ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்து காடி நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டால், பிறகு அதைத் தாமதப்படுத்தலாமே தவிர, குணப்படுத்த வைத்தியம் கிடையாது.