சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு கிழமை

அன்பு மருமகனுக்கு,

கொப்பரின் சத்திரசிகிச்சையை ஒட்டி இதை எழுதுகிறேன். புரொஸ்ரேட் சுரப்பி சலப்பையின் வாசலில், சலக்குழாயைச் சுற்றி அமைந்தது. இளவயதில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். நடுவயதுக்குப் பிறகு அது மெல்ல மெல்லப் பெருத்துக் குழாயை நெரிக்கும். 80 வயதைத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெருப்பு உண்டு. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. குளிசைக்கு அடங்காதபோதும், சலம் ஒரேயடியாக அடைத்துக்கொண்டபோதும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

பரவலாகச் செய்யப்படுவது ரி.யு.ஆர்.பி. என்ற முறை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, சலக்குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியைச் சீவி எடுப்பார்கள். தோடம்பழத்தின் தோலை விட்டுச் சுளையை மட்டும் தோண்டுவது போன்ற வேலை. வெளியே வெட்டும் இல்லை, தையலும் இல்லை. வயது போனவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிக்காயம் தெரியாததால் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு கிழமைக்குள் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதோ பச்சைப் புண். அது ஆற ஆறு கிழமையாவது வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் சலப்பைக்குள் ஒரு ரியூப் இருக்கும். உப்புநீர் விட்டு இரத்தத்தைக் கழுவுவார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் ரியூப்பைக் கழற்றி, சலம் தானாகப் போகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்கு விடுவார்கள். முதல் சில நாள் எரிவு இருக்கும். சலம் முட்டினால் அடக்க முடியாது, கழிப்பறைக்குப் போகும் வழியிலேயே சாரம் நனையலாம். இதைக் கண்டு சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று கலங்குகிறவர்கள் பலர். ஆண்டுக்கணக்காக முக்கி முக்கித் தள்ளிப் பழகிய சலப்பை புதிய வழிக்குப் பழகச் சில கிழமை எடுக்கும், சிலருக்குச் சில மாதமும் ஆகும். காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாய்த் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுவது நல்ல பயிற்சி. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யலாம்.

யாழ்ப்பாணத் தீவுக்காரருக்கு மிக முக்கியமானது இரண்டாம் கிழமை. பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் உள்ளே இருக்கும் பொருக்கு உதிரும். தெளிந்திருந்த சலம் திடீரென்று மீண்டும் சிவக்கும். பெரும்பாலும் நிறையத் தண்ணீர் குடித்தால் ஓரிரு நாளில் வெளிறிவிடும். சிலருக்கு மட்டும் இரத்தம் கட்டிபட்டுக் குழாயை அடைத்துவிடும். அப்போது அடிவயிறு கல்லாகி, துளி சலமும் வராமல் ஆள் துடித்துப்போவார். உடனே ரியூப் போட்டுக் கட்டிகளைக் கழுவி எடுக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது.

வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருப்பவருக்குத் தரைவழி உண்டு, ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலையும் உண்டு. நயினாதீவுக்காரர் சிறிய கடலைக் கடக்க வேண்டும். நெடுந்தீவுக்காரருக்குக் குறிகாட்டுவான் வரவே படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைவரை நீண்ட வீதி. சோளகம் வீசினால் படகே ஓடாத நாளும் வரும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் கரைவரை வரும், கடலைத் தாண்டாது. ஆகவே வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்ன அன்றே நெடுந்தீவுக்குப் படகேறுவது புத்தியல்ல. குறைந்தது இரண்டு கிழமை யாழ்ப்பாணப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே சரி. மாடு, கோழி, பூட்டிய வீடு என்று காரணம் சொல்லாத கிழவர் எந்தத் தீவிலும் இல்லை. அந்தக் காரணங்களுக்குச் செவிகொடுக்கத் தேவையில்லை.

சலத்தின் நிறமே நல்ல அளவுகோல். காலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பார்க்கலாம். இளம் றோசாநிறம் என்றால் கவலையில்லை, இரண்டு மூன்று கிழமைக்கு அது வந்து வந்து போகும். பிளேன்ரீ நிறமானால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். நாவற்பழச் சாறு போலத் தடித்து, ஈரல் துண்டு போன்ற கட்டிகளோடு போனாலும், குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தாலும், சலம் நின்றாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய போராட்டம். இந்த நோய்க்காரர் பல வருடம் தண்ணீரைக் குறைத்தே பழகியவர். இரவில் எழும்ப அலுப்பு, படகில் ஒரு மணி நேரம் அடக்க வேண்டுமே என்ற பயம். காலைத் தேநீரைக்கூடத் தொடாமல் துறைக்கு வருகிறவர்கள் உண்டு. நெடுந்தீவுக் கிணறுகளின் உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். இப்போது அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நாளுக்கு இரண்டு லீற்றர், பெரும்பகுதி பொழுதுபடுமுன். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு வைத்தியர் சொன்ன அளவே அளவு. கள்ளு ஆறு கிழமைக்கு வேண்டாம்.

மலச்சிக்கல் விடக்கூடாது. முக்கினால் புண் கசியும். பப்பாப்பழம், முருங்கையிலை, கீரை, குரக்கன் உதவும். போதாவிட்டால் மருந்து கேட்டு வாங்கலாம். நடை நல்லது, முதல் நாளிலிருந்தே. சைக்கிள் ஆகாது, அதன் இருக்கை சரியாக அந்தப் புண்ணுக்குக் கீழேயே அழுத்தும். கிணற்றில் அள்ளுதல், காஸ் சிலிண்டர், வலை, படகு எஞ்சின் எதையும் தூக்கக்கூடாது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பிரதட்டை நேர்ந்திருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். இரத்தத்தை இளக்கும் குளிசையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை வைத்தியர் மட்டுமே சொல்ல வேண்டும். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசைகள் சில சலத்தை அடைக்கும்.

தாம்பத்தியத்துக்கும் அதே ஆறு கிழமை இடைவெளி. அதன் பிறகு பலருக்கு விந்து வெளியே வராது, பின்னோக்கிச் சலப்பைக்குள் போய்ச் சலத்தோடு கழியும். உடலுக்குத் தீங்கில்லை. இதை மகனிடம் எந்தத் தகப்பனும் கேட்கமாட்டார். வாட்டில் வைத்தியரிடம் தனியே பேச ஐந்து நிமிடம் ஒழுங்கு செய்வது பெரிய உதவி.

சீவி எடுத்த தசையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரச் சில கிழமை ஆகலாம். சந்தேகமில்லை என்று முன்பே சொல்லியிருந்தாலும், சில வேளை அந்தத் துண்டுகளில்தான் புற்றுநோய் முதன்முதலாகத் தெரியவரும். சுரப்பியின் வெளிப்பகுதி உடலிலேயே மிஞ்சியிருப்பதால் பின்னாளில் அங்கும் நோய் வரலாம். சலம் நன்றாகப் போகத் தொடங்கிய பின், ஒரு நாள் முழுவதையும் படகிலும் பஸ்ஸிலும் கழிப்பானேன் என்று தீவுக்காரர் தவறவிடுவது இந்த அறிக்கையைப் பார்க்கும் கிளினிக்கைத்தான். கொப்பரின் கிளினிக் கொப்பியில் போட்டிருக்கும் திகதியைப் பார்த்து, அந்தக் காலைப் படகில் நீயும் கூட வா.

இப்படிக்கு,
மாமா