ஸ்கேன் அறைக்கு வெளியே: காத்திருப்பு ஏன், குறைப்பது எப்படி?

“எனக்குப் பின்னால் வந்தவரை முதலில் அழைத்துவிட்டீர்களே, இது நியாயமா?” எங்கள் கதிரியல் துறையின் வரவேற்பு மேசையில் நாள்தோறும் எழும் கேள்வி இது. கேட்பவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. வெறும் வயிற்றோடும் என்ன நோயோ என்ற அச்சத்தோடும் அமர்ந்திருப்பவருக்கு அரை மணி நேரமும் நெடிய பொழுதே. கதவுக்கு அப்பால் நடப்பதை இதுவரை விளக்காமல் விட்டது எங்கள் குறை.

வெளியே ஒரே வரிசையாகத் தோன்றுவது உண்மையில் பல வரிசைகள். எக்ஸ்ரே சில நிமிடங்களில் முடிந்துவிடும். சி.டி. ஸ்கேனில் படம் எடுக்கச் சில வினாடிகளே போதும். நோயாளியைப் படுக்க வைத்து ஆயத்தம் செய்வதற்குத்தான் நேரம் செல்கிறது. எம்ஆர்ஐ பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடங்கள் வரை நீளும். நடுவே உடல் அசைந்தால் படம் கலங்கி, அந்தப் பகுதியை மீண்டும் எடுக்க நேரிடும். ஆகவே உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் வேறொரு வரிசையில் இருக்கலாம்.

இவற்றுக்கிடையே அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து பக்கவாதம் கண்ட ஒருவர் வந்தால் மற்ற எல்லா வரிசைகளும் நின்று வழிவிடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டிய பின்னரே அதைக் கொடுக்க இயலும். இத்தகைய வேளையில் “அவசர நோயாளி வந்துள்ளார், இன்னும் இவ்வளவு நேரம் ஆகும்” என்று காத்திருப்போரிடம் உடனே தெரிவிக்கும்படி எங்கள் ஊழியர்களிடம் கூறியுள்ளோம். தெரிவிக்கவில்லையெனில் தயங்காது கேளுங்கள்.

எனினும், எங்கள் அனுபவத்தில் வரிசை தடைபடுவது பெரும்பாலும் அவசர நோயாளிகளால் அன்று, ஆயத்தமின்மையால். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்க வேண்டிய சி.டி. ஸ்கேனுக்கு ஒருவர் கிரியாட்டினின் பரிசோதனை முடிவின்றி வருகிறார் என்று கொள்வோம். அம்மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவது; ஆகையால் சிறுநீரகத்தின் நிலை அறியாமல் அதைச் செலுத்த முடியாது. இரத்தம் எடுத்து முடிவு வருவதற்குள் அவருக்குரிய நேரம் கடந்துவிடும். பின்னால் இருப்போர் அனைவரின் நேரமும் நகரும். முன்பதிவு செய்தவர்களை முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்துச் சில வினாக்களைக் கேட்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். முன்பு கான்ட்ராஸ்ட் மருந்தால் அரிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டதுண்டா, மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்கிறீர்களா என்றெல்லாம் கேட்போம். மருந்துச் சீட்டை அருகில் வைத்துக்கொண்டு விடை கூறுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தேவையெனில் மருத்துவர் கூறுவார்.

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு உணவின்றி வரச் சொல்வதன் காரணத்தையும் அறிந்துகொள்வது நல்லது. உண்டபின் பித்தப்பை சுருங்கிவிடும். உள்ளிருக்கும் கல் தெளிவாகத் தெரியாது. “காபி மட்டும்தான் குடித்தேன்” என்பார்கள். அதிலுள்ள பாலே பித்தப்பையைச் சுருக்கப் போதும். கருப்பையைக் காணும் அல்ட்ராசவுண்டுக்கோ சிறுநீர்ப்பை நிரம்பியிருத்தல் பெரும்பாலும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் முன்பதிவின்போதே அதைத் தெரிவித்தால் காலையின் முதல் நேரங்களில் ஒன்றை ஒதுக்குவோம். பட்டினியில் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் நிலை எவருக்கும் வரலாகாது.

எம்ஆர்ஐ அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா எந்திரத்தின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. ஸ்கேன் நடக்காத வேளையிலும், இரவிலும், விடுமுறை நாளிலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்ஆர்ஐ அறைக்குள் சென்றபோது எந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். எந்திரம் அணைக்கப்பட்டிருப்பதாகவே அவரிடம் கூறப்பட்டது என்று குடும்பத்தினர் தெரிவித்தனர். உதவும் எண்ணத்தோடு சென்றவர் அவர். எனவே எங்கள் எம்ஆர்ஐ தொழில்நுட்பர் அழைத்தாலன்றி, வேறு யார் சொன்னாலும், அக்கதவைக் கடக்காதீர்கள்.

நோயாளியிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பதும் இதன் பொருட்டே. பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் பொருத்திய கிளிப், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் என்றோ தெறித்த இரும்புத் துகள் ஆகிய எதையும் “பழைய கதைதானே” என்று விட்டுவிடாதீர்கள். பேஸ்மேக்கர்களுள் சில வகைகளுக்கு உரிய ஏற்பாடுகளுடன் ஸ்கேன் எடுக்க இயலும்; அதற்கு, பொருத்தியபோது தந்த அட்டை வேண்டும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நலம். தாலியைக் கழற்றுவது பலருக்கு மனத்தை வருத்துவது என்பதை அறிவோம். மஞ்சள் கயிறு மட்டும் அணிந்து வருவோரும் உண்டு. ஆனால் அதில் கோத்திருக்கும் ஊக்கை மறந்துவிடுகிறார்கள். அரைஞாணில் கட்டிய தாயத்தும் அவ்வாறே.

உள்ளே சென்றதும் குறுகிய குழாயும் பேரோசையும் அச்சம் தரலாம். காதடைப்பான் தருவோம், கையில் அழுத்தும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் உங்களுடன் பேசுவோம். தேவையெனில் வெளியே கொண்டுவருவோம். மூடிய இடங்களில் அச்சம் உண்டு என்றால் முன்பே கூறுங்கள், வெட்கப்பட ஏதுமில்லை. சி.டி. ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடல் முழுதும் வெப்பம் பரவும். சிறுநீர் கழிந்துவிட்டதுபோன்ற உணர்வும் சிலருக்கு எழும். உண்மையில் கழிந்திராது, ஒரு நிமிடத்தில் அவ்வுணர்வு அடங்கிவிடும்.

ஸ்கேன் முடிந்து வெளியே வருகையில் பலர் தொழில்நுட்பரின் முகத்தைப் படிக்க முயல்வதைக் காண்கிறோம். “ஏதாவது தெரிகிறதா?” என்பதற்கு அவர் மௌனமாக இருப்பது கெட்ட செய்தியின் அடையாளமன்று. படத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது கதிரியல் மருத்துவரின் பொறுப்பு. ஓர் எம்ஆர்ஐயில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கக்கூடும். அவற்றை முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்ட பிறகே, கண்ட மாற்றம் புதியதா, பழையதா என்று கூற இயலும். ஆகவே பழைய ஃபிலிம், குறுந்தகடு, அறிக்கை ஆகியவற்றை, வேறு மருத்துவமனையில் எடுத்தவையாயினும், கொண்டுவந்து ஸ்கேனுக்கு முன்பே வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிடுங்கள். அறிக்கை வந்த பிறகு அவற்றைத் தந்தால் மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கும் இன்னொரு நாள் அலைச்சல்.