காசநோய்க்கு மருந்து உண்போர் சர்க்கரையையும் பார்ப்பது ஏன்?

இருமலுக்காக வந்தவரின் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எதற்கு என்று பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களிலிருந்து வருவோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சளியில் இருக்கும் கிருமிக்கும் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரிவதன்று. ஆயினும் சிகிச்சையின் போக்கை அது மாற்றிவிடக்கூடும்.

காசநோய்க் கிருமி பலரது உடலில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். அதைச் சூழ்ந்து காவல் காப்பவை நம் வெள்ளணுக்கள். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் அக்காவல் தளர்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கட்டுரை காட்டியது. உறவு மறுதிசையிலும் உண்டு. காசநோயின் தாக்கத்தால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது போவதால், முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் அளவு உயரலாம். சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் அது தானே இறங்கிவிடும். எனவே முதல் பரிசோதனையை மட்டும் கொண்டு ஒருவரை வாழ்நாள் சர்க்கரை நோயாளி என்று முடிவு செய்துவிடுவதில்லை.

இது அரிதாக நேர்வதன்று. சென்னை இராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள், தமிழகத்தில் காசநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த 827 பேரைப் பரிசோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னும் நான்கில் ஒருவர் அதன் வாசலில் நின்றனர்.

இரு நோய்களும் உடலை மெலிவிக்கும், களைப்பைத் தரும். அதனால் ஒன்று மற்றொன்றின் பின்னே மறைந்துகொள்கிறது. 'சர்க்கரையால் இளைத்துவிட்டேன்' என்றும், 'உப்புக்காற்றில் இரவெல்லாம் கிடந்ததால் இருமல்' என்றும் சொல்லி மாதங்கள் கழிகின்றன. சர்க்கரை நோயாளிக்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். தாமதிக்கும் நாள்களில் அக்கிருமி வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியவருக்கும் செல்கிறது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காசநோய் மருந்துகளில் முதன்மையானது ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது அதுவே. அது கல்லீரலைத் தூண்டி, வேறு பல மருந்துகளை விரைவில் சிதைத்து வெளியேற்றச் செய்கிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் அவ்வாறு வலுவிழப்பவை. நேற்றுவரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை, காசநோய் மருந்து தொடங்கியபின் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர் அப்போது மாத்திரையின் அளவைக் கூட்டலாம், அல்லது இன்சுலினுக்கு மாற்றலாம். மெட்ஃபார்மினுக்கு இத்தொல்லை பெரிதாக இல்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது முடிவில் நேர்வதை. ஆறு மாதம் நிறைந்து ரிஃபாம்பிசின் நின்றதும், சுமார் இரண்டு வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கூட்டிய சர்க்கரை மாத்திரையோ அதே அளவில் தொடர்கிறது. இப்போது அது மிகையாகி, சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். வெறும் வயிற்றோடு விடியலுக்கு முன் படகேறுபவருக்கு இது நடுநீரில் நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை உண்போர் படகில் ஒரு பொட்டலம் சர்க்கரையோ வெல்லமோ வைத்திருப்பது நல்லது. உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்சுலின் போடுவோருக்கு ஒரு குறிப்பு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமான மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்; உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

ஐசோனியாசிட் என்னும் மருந்தும் சர்க்கரையும் நரம்பைத் தாக்குபவை. இரண்டும் சேரும்போது பாதம் மரத்துப்போகும். அதைத் தடுக்கவே வைட்டமின் பி6 மாத்திரையும் தரப்படுகிறது. சத்து மாத்திரைதானே என்று ஒதுக்க வேண்டாம். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது மிக முக்கியம். மரத்த காலில் சிப்பி ஓடு கிழித்தாலும் தெரியாது. கரையேறியதும் பாதங்களைக் கழுவி, அடிப்புறத்தையும் பாருங்கள்.

பத்தியம் என்று மீனை நிறுத்துவோர் உண்டு. தேவையில்லை, மடவை, கிழங்கான், இறால் எல்லாம் நல்ல புரதம். விலக்கு ஒன்றே: ஐசோனியாசிட் உண்ணும்போது சூரை மீன் சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஏற்பட்டதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். சரியாகக் குளிரூட்டாத மீனில் பெருகும் ஹிஸ்டமினை அம்மருந்து உடலில் தங்கவிடுகிறது. சிகிச்சை முடியும்வரை சூரையைத் தவிர்க்கலாம். கானாங்கெளுத்தியானால் புதிதாகப் பிடித்ததையே சமையுங்கள். குறைக்க வேண்டியது தட்டில் குவியும் சோற்றையும் தேநீரின் சர்க்கரையையும்தான். உடல் மெலிந்த காசநோயாளி பட்டினி கிடக்கலாகாது.

அரசு மருத்துவமனைகளில் இரு நோய்களுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்கென வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது; அதற்கு வங்கிக் கணக்கு விவரம் பதிவாகியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இரு நோய்களின் சீட்டுகளையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள். கடைசிக் காசநோய் மாத்திரை வாங்கும் நாளன்றே, இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரை பார்க்கும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.