சிவந்த புல்லுக்கு ஒரு பரிகாரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்போக அறுவடை முடிந்து வட்டக்கச்சி வயல்கள் வெறும் அடிக்கட்டைகளாய்க் கிடந்த ஒரு மாலைப்பொழுதில், கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய மடிக்கணினியை அணைத்துக்கொண்டு வந்த என் பெறாமகன், "பெரியப்பா, இதிலை புல்லெல்லாம் சிவப்பாக் கிடக்குது, தண்ணி ஊதாவாக் கிடக்குது, கணினி பழுதோ?" என்று கேட்டான். திரையில் இருந்தது 1997இல் வெளிவந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்'. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த பச்சையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அக்காட்சி சற்று அமங்கலமாகத்தான் இருந்தது.

கணினி பழுதன்று. அந்நாளைய விளையாட்டுக்கள் பல, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை எழுதாமல், 0 முதல் 255 வரையிலான ஓர் இலக்கத்தை மாத்திரம் எழுதிவைப்பன; எந்த இலக்கம் எந்த நிறத்தைக் குறிக்கும் என்பதைத் தனியே ஒரு நிற அட்டவணை சொல்லும். அம்மடிக்கணினியில் இருந்த விண்டோஸ் 7, விளையாட்டு நடந்துகொண்டிருக்கையிலேயே அவ்வட்டவணையின் சில இடங்களைத் தன் முகப்புத்திரைக்கென மாற்றிவிட்டது. பச்சைக்குரிய இலக்கம் சிவப்பைச் சுட்டலாயிற்று. விண்டோஸ் 8 முதற்கொண்டோ 256 நிற முறையே வெறும் பாவனையாக நடத்தப்படுகிறது. ஆகவே அங்கே தடங்கலும் கருந்திரையும் தோன்றக்கூடும். இவற்றினும் பரிதாபமானது, வூடூ என்ற வரைகலை அட்டைக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுக்களின் கதி. 1996இல் அவ்வட்டையை வெளியிட்டுக் கொடிகட்டிப் பறந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம், 2000ஆம் ஆண்டின் இறுதியில் தன் உடைமைகளை என்விடியாவுக்கு விற்று மறைந்துபோக, 'கிளைட்' என்ற அதன் பாஷையை அறிந்த அட்டை இன்று எந்தக் கடையிலும் புதிதாகக் கிடையாது.

ஆக, புதிய அட்டைக்கு வலிமை குறைவன்று, பழைய பாஷை தெரியாது என்பதே விஷயம். பாஷை தெரியாத இடத்தில் வேண்டியது ஒரு துபாஷி. 'டிஜிவூடூ 2' என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்டது. விளையாட்டு, விண்டோஸின் பழைய வரைகலைப் பாஷையான டைரக்ட்எக்ஸிலோ கிளைட்டிலோ சொல்வதைக் கேட்டு, புதிய டைரக்ட்எக்ஸ் 11இல் அட்டைக்கு எடுத்துச் சொல்லும். சில மெகாபைட் அளவினதே ஆகையால், கைப்பேசித் தரவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டிலும் இறக்கிக்கொள்ளலாம். ஆக்கியோனின் சொந்தத் தளத்திலன்றி வேறெங்கும் அதை எடுக்கவேண்டாம். கண்ட இடத்துப் பிரதிகளில் நச்சுநிரல் கலந்திருக்க இடமுண்டு.

முதற்கண் விளையாட்டைப் பதிதல் வேண்டும். புதிய மடிக்கணினிகளில் இறுவட்டுச் செருகும் இடமே இல்லாமையால், பழைய கணினியொன்றில் இறுவட்டை ஐஎஸ்ஓ படிமமாக்கிப் பென்டிரைவில் கொண்டுவருக. விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்தவற்றில் அப்படிமத்தை இருமுறை சொடுக்கினாலே அது இறுவட்டாய்த் திறந்துகொள்ளும். (இறுவட்டில் பாட்டுத் தடங்களாகப் பதிந்த இசை ஐஎஸ்ஓவில் வராது, விளையாட்டு ஊமையாய் நடந்தால் திகைக்கவேண்டாம்.) பதியும் இடம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஆகாதிருப்பது உத்தமம், அங்கே எழுத விண்டோஸ் எளிதில் அனுமதியாது; சி டிரைவில் வேறொரு கோப்புறை போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், கொன்ட்ரோல் பனலின் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் 'லெகசி கொம்போனன்ட்ஸ்' என்பதன் கீழுள்ள 'டைரக்ட்பிளே'க்குச் சரியடையாளம் இட்டுவிடுக.

அடுத்ததே முக்கியமான படி. டிஜிவூடூவின் பொதியை விரித்தால் 'எம்எஸ்' என்ற கோப்புறையும், அதனுள் 'எக்ஸ்86', 'எக்ஸ்64' என்ற கோப்புறைகளும் தென்படும். கணினி 64 பிட் ஆயினும் விளையாட்டு 32 பிட் ஆகையால், எடுக்கவேண்டியது எக்ஸ்86இலுள்ளவற்றையே. இவ்விடத்தில் தவறுவோர் அநேகர். அங்குள்ள 'டிடிரா', 'டி3டிஇம்' ஆகிய இரு டிஎல்எல் கோப்புக்களையும், வெளியே கிடக்கும் 'டிஜிவூடூசிபிஎல்' என்னும் கட்டுப்பாட்டுச் செயலியையும், விளையாட்டின் இயங்குகோப்பு இருக்கும் அதே கோப்புறையில் பிரதிசெய்க. ஒரு நிரல் தனக்கு வேண்டிய டிஎல்எல்லைப் பெரும்பாலும் தன் கோப்புறையில் தேடிய பின்னரே விண்டோஸின் கோப்புறைக்குச் செல்லும். துபாஷி வாசலிலேயே நிற்பதால் வழக்கு அவனிடமே போகிறது. சிலர் மிதமிஞ்சிய உற்சாகத்தில் இக்கோப்புக்களை 'சிஸ்டம்32'க்குள்ளேயே போட்டுவிடுவர். அது விபரீதம், ஒரு விளையாட்டுக்காகக் கணினியிலுள்ள நிரல்கள் அனைத்தையும் குழப்புவதாகும்.

பின்னர் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து, மேலே காட்டப்படும் கோப்புறை விளையாட்டினுடையதுதானா என்று பார்த்துக்கொள்க. அகலத்திரையில் 1024க்கு 768 என்ற பழைய சட்டகத்தை இழுத்தால் போர்வீரர் யாவரும் குள்ளராய்ப் பருத்துத் தோன்றுவர். ஆதலால் அளவுமாற்று முறையில், விகிதம் காத்து நீட்டும் தெரிவையே கொள்க, இருமருங்கும் கருமை நிற்பதில் குற்றமில்லை. இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள மடிக்கணினியில், இன்டெல்லின் சிறிய சில்லையே தெரிவுசெய்யலாம். இருபதாண்டு கடந்த விளையாட்டுக்கு அதுவே மிகையென்பதோடு, மின்தடை நேரத்தில் மின்கலமும் தாக்குப்பிடிக்கும்.

விளையாட்டைத் தொடங்கியதும் முப்பரிமாணக் காட்சிகளின் மூலையில் டிஜிவூடூ முத்திரை தெரிந்தால் துபாஷி பணியேற்றுவிட்டான் என்று அறியலாம். பிறகு கட்டுப்பாட்டுச் செயலியின் டைரக்ட்எக்ஸ் பக்கத்தில் முத்திரையை நீக்கிவிடுக. காட்சி இன்னும் தடுமாறினால், 'சிஎன்சி டிடிரா' என்ற மற்றொரு மென்பொருளை முயல்க. அதன் கோப்புக்கும் டிடிரா என்பதே பெயராதலின், முன்னதை அகற்றாமல் பின்னதை வைத்தல் இயலாது.

எங்கள் ஊர்ப் பொடியன்கள் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸை விடப் பெரிதும் விரும்பும் 'வைஸ் சிட்டி' என்ற விளையாட்டுக்கும் இதே உபாயம் பொருந்தும். அது டைரக்ட்எக்ஸ் 8ஐச் சார்ந்ததாகையால் 'டி3டி8' என்ற கோப்பு வேண்டும். அதன் காட்சி அமைப்பிலுள்ள ஃபிரேம் கட்டுப்பாட்டை மட்டும் நிறுத்திவிடவேண்டாம். புதிய அட்டையின் வேகத்தில் வாகனங்களின் இயக்கவிதிகளே பிசகிவிடும்.

அன்று மாலை என் பெறாமகனின் புல் பச்சையாவதற்கு முக்கால் மணி நேரம் சென்றது. அதிற் பெரும்பகுதி, நான் எக்ஸ்64 கோப்புறையிலிருந்து எடுத்துப் போட்டதைக் கண்டுபிடிப்பதிற் கழிந்தது.