தேவகியின் பேறும் இழவும்

கண்ணபிரானுக்குத் தாய்மார் இருவர். வடமதுரைச் சிறையில் ஈன்றெடுத்தவள் தேவகி. ஆய்ப்பாடியில் சீராட்டி வளர்த்தவள் யசோதை. பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று தாலாட்டினார், அம்புலியை அழைத்தார், நீராடவும் பூச்சூடவும் காப்பிடவும் கண்ணனை வருவித்தார். உலகம் யசோதையின் பேற்றைக் கொண்டாடுகிறது. பெற்றவளின் நெஞ்சம் பட்ட பாட்டை எண்ணுவோர் சிலரே.

அவ்வாறு எண்ணியவர் குலசேகராழ்வார். சேர நாட்டு மன்னரான இவர் அருளிச்செய்த பெருமாள் திருமொழியில் பாசுரங்கள் 105. அவற்றுள் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பலாக அமைந்தது. ஆறு மக்களைக் கம்சனிடம் பறிகொடுத்தவள் அவள். ஏழாம் கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டது. எட்டாவதாகத் தோன்றிய திருக்குமரனையோ பிறந்த இரவிலேயே பிரிந்தாள். எனினும் இத்திருமொழியில் அவள் சின்னஞ்சிறு இழவுகளையே எண்ணி ஏங்குகிறாள். தாலாட்டும் பேறு வாய்க்கவில்லையே! 'உன் தந்தை யார்?' என்று வினவினால் விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டும் அழகு நந்தகோபருக்கன்றோ கிடைத்தது! பிள்ளை அளைந்து உண்ட சோற்றின் மிச்சத்தை உண்ணப் பெறவில்லையே! வெண்ணெய் உண்ட வாயையும் கயிற்றைக் கண்டு அஞ்சிய நோக்கையும் காணப் பெறவில்லையே!

இவ்விழவைக் கண்ணனும் அறிவான். கம்ச வதத்திற்குப் பின் பெற்றோரை வணங்கியபோது, தன் இளமைப் பருவத்தின் இன்பம் அவர்களுக்குக் கிட்டாமற் போனதை அவனே எடுத்துரைத்தான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். பின்னொரு காலத்தில் தேவகி வேண்ட, மாண்ட ஆறு பிள்ளைகளையும் மாவலி வாழும் சுதலத்திலிருந்து கொணர்ந்து காட்டினான். ஆயினும் கழிந்த பிள்ளைப் பருவம் கழிந்ததே.

கண்ணன் அவதரித்த காலத்திற்குப் பிற்பட்டுத் தோன்றிய ஆழ்வாருக்கும் இவ்விழவு உண்டு. தேவகியின் குரலில் ஒலிப்பது அவர்தம் ஆற்றாமையே. அடுத்த திருமொழியிலோ, திருக்கண்ணபுரத்து எம்பெருமானை இராமபிரானாகக் கண்டு, கோசலையின் நிலையில் தாலாட்டுகிறார். தேவகிக்குக் கிட்டாத தாலாட்டு அர்ச்சாவதாரத்தில் ஆழ்வாருக்குக் கிட்டிற்று.

உத்ஸவத்தைச் சேவிக்க வரும் அன்பர்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக. திருமஞ்சனமும் பூச்சாத்தும் திருவூஞ்சலும் யசோதை செய்து மகிழ்ந்தவை. தேவகி செய்ய ஏங்கியவை. பிற்பட்டுப் பிறந்தாரும் அவற்றை இழவாமைப் பொருட்டே எம்பெருமான் திருக்கோயில்களில் எழுந்தருளியிருக்கின்றான்.