பழைய சேலையில் தொட்டில் கட்டும் முன்

தோட்டத்து லயத்திலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்த இரும்புப் பெட்டி இன்னும் உங்களிடம் இருக்கலாம். அதிலுள்ள பழைய பருத்திச் சேலை பேரக் குழந்தைக்குத் தொட்டில் கட்ட ஏற்றது; செலவும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டிருந்தால் சற்றுப் பொறுங்கள்.

கடையில் ‘உபாட் கெகாட்’ என்று கேட்டு வாங்கும் அந்த வெள்ளை உருண்டைகள் பலவற்றில் நாஃப்தலீன் உள்ளது. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தை அந்த வாடையைச் சுவாசித்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். கடுமையானால் மூளையும் பாதிக்கப்படும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாடு பரிசோதிக்கப்படுகிறது. முடிவு என்னவென்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். எப்படியிருந்தாலும், கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த உருண்டை வேண்டாம்.

வாடையுள்ள சேலையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. சோப்புப் போட்டுத் துவைத்து, வாடை முழுதும் போகும்வரை காற்றாட விடுங்கள். போகவில்லையா? தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகள் பெரும்பாலும் வியர்வையும் கறையும் படிந்த துணியைத்தான் அரிக்கும். ஆகவே துவைத்து, நன்கு காயவைத்து, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். மழைநாளில் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பட்டுச் சேலையை அவ்வப்போது நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றுங்கள்.

குழந்தையின் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறமானாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இளவெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உருண்டையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் கொடுக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.