றப்பர் முத்திரையும் கண்ணாடித் துண்டும்

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு யூலை, ஓகஸ்ட் மாதங்கள் மிக நீண்டவை. ஊரில் இருந்தால் வேலி அடைப்பு, எரு இழுப்பு, காலபோகத்துக்கு நிலம் திருத்துதல் என்று நாள் போய்விடும். முகாமிலோ உறவினர் வளவிலோ இருக்கும்போது கை சும்மா இருக்கிறது. ஆனால் ஒக்ரோபர் மழையோடு குத்தகைக்கு ஒரு துண்டு வயல் கிடைத்தாலும் விதைநெல்லுக்குக் காசு வேண்டும். இந்த இடைவெளியில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு கைவேலையை இப்பாடத்தில் பார்ப்போம்.

செய்யப்போவது யன்னலில் தொங்கவிடும் ஒரு சிறிய அலங்காரப் பொருள். ஒரே அளவான இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே, முத்திரை பதித்த மெல்லிய கடதாசியை வைத்து ஓரத்தை ஒட்டிவிடுவதுதான் வேலை. பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் கோயில் நிறக்கண்ணாடிபோல் தோன்றும்.

முதலில் முத்திரை. கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு போதும். ஒரு மெல்லிய கடதாசியில் உருவத்தை வரைந்து, ரியூப்பின் மேல் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நெற்கதிர், பனை, மீன், தாமரை, நட்சத்திரம் போன்ற எளிய உருவங்களே நன்றாக வரும். தீக்குச்சியைவிட மெல்லிய கோடு வெட்டினால் பதிக்கும்போது நெளியும். வெட்டியதை ஒரு சிறு மரக்கட்டையில் ஒட்டவேண்டும். ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: உரசிச் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் சொலூசன் பூசி, சற்றுக் காயவிட்டு, அழுத்துவதுதான். எழுத்து வெட்டுபவர்கள் வரைந்த கடதாசியைக் கவிழ்த்து, பின்பக்கம் தெரியும் வடிவத்தையே ரியூப்பில் வெட்டவேண்டும். நேராக வெட்டினால் பதியும்போது மறுபுறமாகிவிடும்.

மைக்கு ஒரு ரின் மூடியில் துணியை நாலைந்து மடிப்பாக வைத்து, முத்திரை மையை ஊற்றி ஊறவிடுங்கள். கடதாசிக்குப் பட்டம் கட்டும் நிறக் கடதாசியே சிறந்தது. தடித்த கடதாசியில் வெளிச்சம் ஊடுருவாது. மை அதிகமானால் மெல்லிய கடதாசியில் ஊறிப் பரவும். ஆகையால் முத்திரையை முதலில் பழைய பத்திரிகையில் ஒருமுறை பதித்துவிட்டு, இரண்டாவது பதிப்பை நல்ல கடதாசியில் இடுங்கள். சில மைகள் வெயிலில் வெளிறும். விற்பனைக்குச் செய்யமுன், பதித்த கடதாசி ஒன்றை இரண்டு கிழமை வெயில்படும் இடத்தில் தொங்கவிட்டு, பெட்டிக்குள் வைத்த இன்னொன்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கியவர் வீட்டில் வெளிறினால் அடுத்த வருடம் அவர் வரமாட்டார்.

கண்ணாடியைப் படங்களுக்குச் சட்டம் போடும் கடைகளில் கேட்டுப் பெறலாம். அங்கே வெட்டி மிஞ்சிய கீலங்கள் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். 2 அங்குலம் அகலம், 3 அங்குலம் நீளமாகக் கடைக்காரரையே வெட்டித் தரச் சொல்லுங்கள். அனுபவம் இல்லாமல் வீட்டில் வெட்டப் போகவேண்டாம். ஓரங்களின் கூரை மட்டும், கண்ணாடியையும் சாணைக்கல்லையும் நனைத்து வைத்துக்கொண்டு தேய்த்து நீக்குங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் கண்ணாடித் தூள் பறந்து சுவாசப்பையில் போய்ச் சேரும். காலில் செருப்பு இருக்கட்டும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த ஒரு வேலையை வெளியே, சாக்கு விரித்துச் செய்து, தூளைக் கழுவி ஒரு குழியில் ஊற்றி மூடுங்கள்.

அடுத்தது லாம்புச் சிமினி துடைப்பதுபோலக் கண்ணாடியைத் துடைத்தல். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் ஜாம் போத்தல் விளக்கோடு காலம் கழித்தவர்களுக்கு இதில் நல்ல கைப்பழக்கம் இருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் பத்திரிகைத் தாளால் துடைத்து, பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். உள்ளே பட்ட விரலடையாளத்தை ஒட்டியபின் அழிக்கமுடியாது.

இனித்தான் கவனம் மிகத் தேவை. கடதாசியிலோ கண்ணாடியிலோ ஈரம் இருந்தால் உள்ளே புகார் படிந்து, சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இரண்டையும் நன்றாக வெயிலில் காயவைத்து, வெயில் நாளின் நண்பகலில் ஒட்டுங்கள். கடதாசியைக் கண்ணாடியிலும் சற்றுச் சிறிதாக வெட்டுங்கள். உள்ளே பசை வேண்டாம்; பசையின் ஈரத்தில் மை கரையும். கண்ணாடிகள் இரண்டையும் சேர்த்து, தொங்கவிடும் நூலை அடியால் கொண்டுபோய் இரு பக்க ஓரத்தாலும் மேலே எடுங்கள். அதன் மேல் அரை அங்குல அகலத் துணிக் கீலத்தை மரவேலைப் பசையால் சுற்றிவர ஒட்டுங்கள். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு துண்டும் ஏறக்குறைய 40 கிராம் நிறை வரும். மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டிய நூல் அதைத் தாங்காமல் ஒருநாள் கழன்றுவிடும்.

விற்பனையைப் பற்றியும் சொல்லவேண்டும். கைவேலைப் பயிற்சிகள் பலவற்றில் இறுதியில் மிஞ்சுவது சான்றிதழும் விற்காத பொருளும்தான் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் முதலில் பத்து மட்டும் செய்து விற்றுப் பாருங்கள். ஓகஸ்ட் 15 மடுப் பெருவிழாவுக்கு வரும் யாத்திரிகர்கள் சிறிய நினைவுப் பொருட்களை விரும்பி வாங்குவார்கள். யூலையில் செய்தது அங்கே விலைப்பட்டால், காசு விதைப்புக்கு முன்னரே கையில் இருக்கும். நத்தார்ச் சந்தைக்கு வேண்டியதைச் செப்ரெம்பருக்குள் ஒட்டி முடியுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் ஒட்டியதில் ஈரம் அகப்படும்.

விலை வைக்கும்போது கண்ணாடி, மை, துணி, பசை, பஸ் கூலி யாவற்றையும் கூட்டி, பத்தில் ஒன்று உடையும் என்று வைத்து ஒன்பதால் பிரியுங்கள். அதற்கு மேல் வருவதே உங்கள் கூலி. அந்தக் கூலி ஒருநாள் வயல்வேலைக் கூலிக்குப் பக்கத்திலும் வராவிட்டால், கூலிவேலை கிடைக்கும் நாட்களில் இதைத் தொடவேண்டாம். வேலை இல்லாத நாளுக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியவருக்கும் உரிய வேலை இது.

நூறு துண்டுகள் 4 கிலோவுக்குக் கிட்ட நிறை வரும். ஒவ்வொன்றையும் பத்திரிகையில் சுற்றி, பெட்டியில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, இடைவெளிகளில் வைக்கோலை இறுக்கி அடையுங்கள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.